மூதேவி மடியில் போட்ட காசு

திருப்பதி
19 ஜனவரி 2025, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான அண்ணன் எர்னஸ்ட்டுக்கு, தங்கை தபிதா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் நின்று நின்று கால் வீங்கியதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி, அண்ணியின் சர்க்கரை, நம் பையன் இஸ்ரேலின் படிப்பு எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுது.

போன வாரம் போனில் நீ 'ம்' கொட்டியதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் நைனா பழக்கிவிட்டபடி கடிதம். வழக்கம்போல் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அண்ணி சத்தமாகப் படிக்கட்டும். வந்த கடிதத்தை ஒளித்துப் படிக்கிற வீட்டில் கடிதம் மட்டும் ஒளிந்திருக்காது என்று நைனா சொல்வாரே, மறக்கவில்லை அல்லவா? பந்தியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கும் என் ஸ்தோத்திரம்.

செய்தி இதுதான். மியூசியத்தில் என்னை டிக்கெட் கவுன்டரிலிருந்து சிற்பக் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றிய வாரமே உன் சிலையும் வந்து இறங்கியது. பங்காருபாளையத்தில் நீயும் வேங்கடாசலம் அண்ணனும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருக்கும் மாந்தோப்பில் குட்டை வெட்டும்போது கிடைத்ததென்று தாசில்தார் ஆபீசில் ஒப்படைத்தீர்களே, அதேதான். சுத்தம் செய்து என் கூடத்தின் மூலையில் வைத்திருக்கிறார்கள். பெருத்த வயிறு, தொங்கவிட்ட கால், ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு மகன், மறுபக்கம் மகள், தலைக்கு மேல் காக்கைக் கொடி. எங்கள் அதிகாரி ஹரிபிரசாத் சார் ஜேஷ்டா தேவி என்றார். நாம் சின்ன வயதில் சாயங்காலம் தூங்கினால் அம்மா ஒரு பெயர் சொல்லித் திட்டுவார்களே, அந்த மூதேவிதான். 'உன் பேரால நான் எவ்ளோ திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா' என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

மலைக்குப் போய்விட்டு வருகிற கூட்டம் இங்கேயும் செருப்பைக் கழற்றப் பார்க்கிறது. எல்லாச் சிலையின் காலடியிலும் காசு போடுகிறார்கள். யாரென்றே தெரியாமல் மூதேவிக்கும் போடுகிறார்கள். மாலையில் அதையெல்லாம் பொறுக்கி அலுவலக டப்பாவில் சேர்ப்பது என் வேலை. விக்கிரகத்துக்குப் போட்டதைத் தொடலாமா என்று அண்ணி கேட்பார்கள். அரசாங்கத்துக்காகத் தொடுகிறேன் என்று சொல்.

ஒரு நாள் குடும்பத்தோடு வா. அடுத்த அறை நாணயக் கூடம், இஸ்ரேலுக்குப் பிடிக்கும். நீ பார்த்துக் கொடுத்த அறை வசதியாகத்தான் இருக்கிறது. ரயில் கேட் சந்து வழியாக நடந்தே போய்விடுகிறேன். சந்தில் விளக்குதான் இல்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
தபிதா


சித்தூர்
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை தபிதாவுக்கு அண்ணன் எர்னஸ்ட் எழுதுவது. தேவ கிருபையால் நாங்கள் எல்லோரும் நலம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை.

உன் கடிதத்தைப் படித்தோம். தோப்பில் இந்த வருடம் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. பூவில் பேன் பூச்சி விழுந்திருப்பதால் மருந்தடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு வர முடியாது. வீட்டுக்கு மாடி எழுப்ப ஆரம்பித்திருக்கிறோம். வேங்கடாசலம் கார் வாங்கியிருக்கிறான். போன வருடம் பழம் நல்ல விலைக்குப் போனது, அதனால்தான்.

அந்தச் சிலை நம் தோப்பில் கிடைத்தது என்று அங்கே யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. அதோடு வேறு ஏதாவது கிடைத்ததா என்று உங்கள் அதிகாரி கேட்டாரா? கேட்டால் தெரியாது என்று சொல். உனக்குத் தெரியாதுதானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
எர்னஸ்ட்


திருப்பதி
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

பிரியமான அண்ணனுக்கு, தபிதாவின் ஸ்தோத்திரம். உப்பு வெந்நீர் வேலை செய்தது. கால் இறங்கிவிட்டது. அங்கே அனைவரும் நலம்தானே?

மாடி எழும்புகிறது என்றதும் சந்தோஷப்பட்டேன். ஆனால் போன வருடம் தோத்தாபுரியை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டினோம் என்று நீதான் போனில் புலம்பினாய். அது எந்தப் பழம், நல்ல விலைக்குப் போனது? மாடியில் எனக்கும் ஓர் அறை என்றால் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இனிமேல் எழுதுவதை அண்ணி கொஞ்சம் நடித்துத்தான் படிக்க வேண்டும். மூதேவிக்கு ஒரு பக்தர் கிடைத்திருக்கிறார். வயசாளி, முண்டாசு, சட்டையில் மருந்து வாடை, இடது காதில் மடலே இல்லை. சிலைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பப் போனேன்.

'அம்மா, இவங்கள இப்டி மூலையில குந்த வெச்சிட்டீங்கோ. பூசை ஆரு பண்றது?'

'பூசையெல்லாம் இல்ல பெரியவரே. இது மியூசியம். பாத்துட்டுப் போலாம்.'

'பாக்கறதுக்கு நான் வர்ல. அவங்களுது அவங்ககிட்டயே வந்து சேரணும். வெச்சிக்கினு இருக்கறவன் வாயில சோறு எறங்காது.'

அன்று மாலை காசு பொறுக்கும்போது ரூபாய்க் காசுகளுக்கு நடுவில் ஒன்று மின்னியது. கம்மலின் திருகாணி அளவுதான் இருக்கும், ஆனால் பொன். ஹரிபிரசாத் சாரிடம் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது பழைய ராஜாக்கள் காலத்துப் பணம் என்றார். பக்கத்துக் கூடத்தில் திருட்டுப் போயிருக்குமோ என்று பதறிக்கொண்டு போய்ச் சரிபார்த்தோம். அங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. நேற்று அந்தப் பெரியவர் மறுபடி வந்தார், மறுபடி ஒரு பொன் காசு கிடந்தது. இவங்களுது இவங்ககிட்ட சேர்கிற வரைக்கும் சாராயம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாராம். பெயர் கேட்டால் சொல்லவில்லை. பங்காருபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாராம்.

உங்கள் பக்கத்து ஆள்தானே, உனக்குத் தெரியுமா? பந்தியில் வேறு யாருக்காவது தெரிந்தாலும் சொல்லட்டும். காது மடல் இல்லாத ஆள் அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

அன்புடன்,
தபிதா


சித்தூர்
5 மார்ச் 2025

தபிதாவுக்கு எர்னஸ்ட் எழுதுவது. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அந்த ஆள் பெயர் துலுக்காணம். குட்டை வெட்ட வந்த கூலி. புத்தி கொஞ்சம் சரியில்லை. எங்கேயோ திருடியதை அங்கே கொண்டுவந்து வைக்கிறான் என்று நினைக்கிறேன். அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே. நானே நேரில் வந்து அவனுக்குப் புத்தி சொல்கிறேன். எந்தக் கிழமை, எந்த நேரத்துக்கு வருகிறான் என்று மட்டும் எழுது. இதைப் போனில் பேச வேண்டாம்.

இனி உன் கடிதம் எனக்கு மட்டும். பந்தியில் படிக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

எர்னஸ்ட்


திருப்பதி
9 மார்ச் 2025, ஞாயிறு

பிரியமான அண்ணனுக்கு தபிதா எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், ஆனால் உன் எழுத்து அப்படிச் சொல்லவில்லை.

நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சனிக்கிழமைகளில் வருகிறார். கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்துவிடுவார். நீ பேசுவதாகச் சொன்னது எனக்கு நிம்மதி. திட்டாதே, பாவம் அவர். சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்துப் பேசு.

நேற்று வந்து அழுதார். 'பானையைத் தொறந்ததுலேர்ந்து எம்பொண்ணுக்கு வயித்துல எதுவும் தங்கல' என்றார். எந்தப் பானை என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணா, நான் சுற்றி வளைக்கவில்லை. சிலையோடு ஒரு பானையும் கிடைத்ததா? அதில் பொன் இருந்ததா? மண்ணுக்கடியில் கிடைத்ததைக் கலெக்டருக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஜெயில் என்று ஹரிபிரசாத் சார் சொன்னார். இந்தக் காசுகள் எங்கிருந்து வருகின்றன என்று எழுதிக் கேட்கப் போவதாகவும் சொன்னார். இப்போதே போய்க் கொடுத்துவிட்டால் உன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், நம்பிவிடுவேன்.

உன் தங்கை,
தபிதா


சித்தூர்
12 மார்ச் 2025, புதன்

அன்பான தபிதாவுக்கு அண்ணி ஞானசௌந்தரி எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இஸ்ரேல் பரீட்சைக்குப் படிக்கிறான். என் சர்க்கரையை இப்போது அளந்து பார்க்கவே பயம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. என் போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கேட்டால் ரிப்பேர் என்கிறார். பதில் எழுதினால் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுது.

காது மடல் இல்லாதவரைப் பற்றி நீ எழுதியதை நான்தான் பந்தியில் படித்தேன். நீ கேட்டபடி நடித்தே படித்தேன். இஸ்ரேலும் சபையாரும் சிரித்தார்கள். வேங்கடாசலம் அண்ணன் அன்று நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு, 'அந்த வரிய இன்னொரு தபா படிங்கம்மா' என்றார். ஏன் என்று தெரியாமல் இன்னொரு முறையும் படித்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் தோப்புக் கொட்டகையில்தான் பேசிக்கொள்கிறார்கள். என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது. உன் அண்ணன் சரியாகத் தூங்குவதில்லை. நீ பானையைப் பற்றிக் கேட்டிருந்ததை அவர் மேசையில் பார்த்தேன். அதை என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டி வரும்.

நேற்று அவர்கள் பேசியதில் சனிக்கிழமை என்பது மட்டும் என் காதில் விழுந்தது. தபிதா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். சனிக்கிழமை அந்தப் பெரியவர் வந்தால் உள்ளே விடாதே. காளஹஸ்தி பஸ்ஸோ எதுவோ, ஏற்றி அனுப்பிவிடு. ஊருக்கு மட்டும் திரும்பிப் போக வேண்டாம் என்று சொல்.

உனக்காக ஜெபிக்கும்,
ஞானசௌந்தரி


திருப்பதி
18 மார்ச் 2025, செவ்வாய்

பிரியமான அண்ணிக்கு தபிதா எழுதுவது. உங்கள் சுகத்தையும் இஸ்ரேலின் சுகத்தையும் தினமும் ஜெபத்தில் வைக்கிறேன். உங்கள் கடிதம் இன்று மத்தியானம்தான் என் கைக்கு வந்தது. சனிக்கிழமை போய்விட்டது, அண்ணி.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். பெரியவர் வழக்கம்போல் முதல் ஆளாக வந்தார். இந்தத் தடவை ஒற்றைக் காசு இல்லை. துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சைச் சிலையின் மடியில் வைத்தார். 'எங்கிட்ட இருந்தது இவ்ளோதாம்மா. மிச்சம் அவங்ககிட்ட இருக்குது' என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேறு யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று முடிச்சை உடனே எடுத்து என் டியூட்டி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அந்த நேரத்தில் வேங்கடாசலம் அண்ணன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாணயக் கூடத்தில் நின்றிருந்தார். எனக்குத் தெரியாது. அந்த வழியாக உள்ளே வந்து, 'பாப்பா, நல்லா கீறியா' என்று என்னை விசாரித்தார். பிறகு பெரியவர் தோளில் கை போட்டார். 'வாயா துலுக்காணம். கார்லயே போயிடலாம். பஸ்ஸுல எதுக்கு இடிபட்டுக்கினு?'

பெரியவர் நகரவில்லை. என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா அண்ணி? சிரித்தேன். 'போங்க பெரியவரே, வெயில்ல பஸ்ஸுக்கு நிக்க வேணாம்' என்றேன். அண்ணன் சொன்னபடி ஆளை அனுப்பியிருக்கிறான், நல்ல மாதிரியாகப் பேசப் போகிறார்கள் என்று நம்பினேன். நான் சொன்னதால்தான் அவர் போனார்.

வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். காரின் முன் சீட்டில் ஒருவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. என்னைப் பார்க்க இறங்கவில்லை.

பெரியவர் ஊரில் இருக்கிறாரா? விசாரித்து எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம், இருக்கிறார் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தபிதா


சித்தூர்
30 மார்ச் 2025

தபிதாவுக்கு,

துலுக்காணம் இறந்துவிட்டான். தோப்புக் கிணற்றில் தவறி விழுந்திருக்கிறான். குடித்திருந்தான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். காரியச் செலவை நாங்களே ஏற்றுக்கொண்டோம். அவன் மகளுக்கும் கையில் கொடுத்திருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை அவன் அங்கே வரவில்லை. நாங்களும் வரவில்லை. யார் கேட்டாலும் இதுதான்.

அவன் அங்கே ஏதாவது வைத்துவிட்டுப் போயிருந்தால் ஆபீசில் கொடுக்காதே. வேங்கடாசலம் வந்து வாங்கிக்கொள்வான். அவனிடம் மரியாதையாக நடந்துகொள்.

உனக்கென்று மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா.

எர்னஸ்ட்


திருப்பதி
14 ஏப்ரல் 2025, திங்கள்

பிரியமான அண்ணனுக்கு, உன் தங்கை தபிதா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உன் போன கடிதத்தில் என் சுகத்தை நீ விசாரிக்கவில்லை. நைனா போன பிறகு நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அது விட்டுப்போனதில்லை. நான் விசாரிக்கிறேன். நீ சுகமாக இருக்கிறாயா?

அவர் குடித்திருந்தார் என்று எழுதினாய். சாராயம் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்ததை நான்தான் உனக்கு முன்பே எழுதியிருந்தேனே, மறந்துவிட்டாயா? அவர் எப்படி விழுந்தார், நீ பக்கத்தில் இருந்தாயா, தள்ளி நின்றாயா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். எனக்குப் பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

வேங்கடாசலம் அண்ணன் இந்த மாதத்தில் சில தடவை வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வருகிறார். மூதேவியின் எதிரில் நின்று மடியைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். 'பாப்பா, அவன் வெச்சது எங்க' என்று கேட்டார். தெரியாது என்றேன். 'சரி, தேடிப் பாரு. அவசரமே இல்ல' என்றார். கடைசியாக வந்தபோது, டியூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்றும் கேட்டார்.

முடிச்சு என்னிடம்தான் இருக்கிறது. பொன் காசுகள். டிராயர் சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருக்கிறது. புதுச் சிலை வைத்த மூலைக்கு இன்னும் கேமரா போடவில்லை. பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தது நான் ஒருத்திதான். ஹரிபிரசாத் சார் பயிற்சிக்கு ஹைதராபாத் போயிருக்கிறார். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை வருகிறார். வந்ததும் முடிச்சை அவர் கையில் கொடுத்து, பார்த்ததையெல்லாம் சொல்லப் போகிறேன். வேறு ஆளாக இருந்தால் அன்றே போலீசுக்குப் போயிருப்பேன். என் பீஸ் கட்ட நீ உன் படிப்பை விட்டுவிட்டுத் தோப்பு வேலைக்குப் போனாய். நான் சாப்பிட்ட சோறு உன் சோறு. அதனால்தான் இந்த ஒரு வாரம். இதைக் கேட்ட கையோடு நீயே போய்ச் சொல்லிவிடு. நீ சொன்னால் உன் கூடவே நானும் வந்து நிற்பேன். ஜெயிலுக்குப் போனாலும் மாதா மாதம் வந்து பார்ப்பேன். உனக்குக் கடிதம் எழுதுவேன்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. அன்று காலை ஆராதனைக்குப் போய்விட்டு டியூட்டிக்குப் போகிறேன்.

அண்ணி, உறையின் மேல் உங்கள் பெயரைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். ஈஸ்டர் சாப்பாட்டுக்குப் போதகர் ஐயர் வருவார், சபையார் வருவார்கள். அவர்கள் அத்தனை பேர் முன்னாலும் இதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படியுங்கள். ஒளித்துப் பேசியதில் ஒரு மனுஷர் போய்விட்டார். எல்லோர் காதிலும் விழுந்துவிட்டால் அதன்பிறகு யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

தபிதா


பாகாலா தாண்டி, பஸ்ஸில்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர் ஞாயிறு

அன்பான தபிதா, நீ சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுக் கெடுத்தேன். இதை நானே கொண்டுவருகிறேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் உன் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தேன். டியூட்டியில் போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தும் அடித்தேன். நான் வந்து சேரும்போது டிக்கெட் நேரம் முடிந்திருந்தால் என்னை உள்ளே விடமாட்டார்கள். அப்போது இதைக் காவலாளி கையில் கொடுத்து அனுப்புவேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி படித்தேன். ஆனால் நீ நினைத்த பந்தி இல்லை, தபிதா. ஐயரைப் பாலசமுத்திரம் சபைக்கு ஆராதனை நடத்த அழைத்துப் போய்விட்டார்கள். சபையார் யாரையும் உன் அண்ணன் இந்த வருடம் கூப்பிடவில்லை. நாங்கள் மூன்று பேரும் வேங்கடாசலம் அண்ணனும்தான். அவர் இருக்கிறார் என்று தெரிந்தே எடுத்தேன். உன் அண்ணன் முகத்தில் ஏதாவது மாறும், எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போலீசுக்குக் கிளம்புவார் என்று நம்பினேன். இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தவளுக்கு அந்த நம்பிக்கை கூடவா இருக்கக் கூடாது?

உன் சோறு என்று நீ எழுதிய இடத்தில் அவர் கண் கலங்கியது. நான் பார்த்தேன். அதோடு நிறுத்திவிடலாம் என்று காகிதத்தை மடித்தேன். வேங்கடாசலம் அண்ணன், 'படிங்கம்மா, பாப்பா இன்னா எழுதிகீது கேப்போம்' என்றார். படித்து முடித்ததும் தண்ணீர் குடித்தார். 'பாத்தது நான் ஒருத்திதான்னு ஒரு வரி வந்துச்சே, அத்த இன்னொரு தபா படிங்கம்மா' என்றார். நான் காகிதத்தை மடித்துவிட்டேன். உன் அண்ணன் என் கையிலிருந்து வாங்கி அவரே படித்தார்.

பிறகு வேங்கடாசலம் அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டார். 'பாப்பா வேலை முடிஞ்சி எந்த வழியா வூட்டுக்குப் போவுது?'

உன் அண்ணன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்வார் என்று காத்திருந்தேன். 'ரயில் கேட் சந்து வழியா, நடந்து' என்றார்.

'வெளக்கு வெக்கற நேரத்துக்குப் போனா போதும்' என்று சொல்லிவிட்டு வேங்கடாசலம் அண்ணன் பாயசம் கேட்டார். நான் ஊற்றினேன். கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய பாத்திரம் இருக்கிறது என்று சொல்லி இஸ்ரேலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறிவிட்டேன். சற்று முன் பாகாலாவில் பஸ் நின்றபோது, எதிர்ப்பக்கப் பெட்ரோல் பங்கில் வேங்கடாசலம் அண்ணனின் கார் நின்றிருந்தது. உன் அண்ணன் இறங்கி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டைதான் இன்றைக்கும் போட்டிருக்கிறார்.

இதைப் படித்ததும் கூடத்தைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு. அறைக்குப் போகாதே. அந்தச் சந்துப் பக்கம் தலை காட்டாதே. நான் உன்னைக் கூட்டிக்கொண்டு நேராகப் போலீசுக்குப் போகிறேன், நானும் சொல்கிறேன், பானையைப் பற்றியும் சொல்கிறேன். கேட்டில் என் குரல் கேட்டால் மட்டும் வெளியே வா. உன் அண்ணன் வந்து நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராதே.

உன் அண்ணி,
ஞானசௌந்தரி